பொருநைக் கரையில் அச்செழுத்து: ஏட்டு வடிவினின்று பதிப்பு வடிவு வரை

1. முன்னுரை

தமிழ் நூற்பதிப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், பதிப்பாசிரியர்களின் உழைப்பையும் அச்சகங்களின் தோற்றத்தையும் விரிவாக உரைத்துள்ளனர். நூலின் சொற்களைத் தாங்கி நின்ற அச்செழுத்தின் வடிவைத் தனித்து ஆராய்ந்தோர் சிலரே. அச்செழுத்து ஈயத்தில் வார்த்த ஒரு கருவி; அது சொல்லை ஏற்றுக் காட்டுமேயன்றிச் சொல்லை மாற்றாது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதுவது.

ஏட்டுச்சுவடியில் ஒரு வடிவு பலவாறு படிக்க இடந்தந்து நின்றது. அச்சில் அவ்வடிவு அங்ஙனம் நிற்றல் இயலாது. பல படிப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து அதற்குரிய எழுத்தைக் கோத்தல் வேண்டும். தேர்ந்தவர் பதிப்பாசிரியர், ஆனால் தேர்ந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை உண்டாக்கியது அச்செழுத்து. எனவே, இன்று நாம் கையிலெடுத்துப் பயிலும் பழைய இலக்கியப் பதிப்புகளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு நெடிற்குறியும் ஒரு முடிவின் சின்னமாகும். அம்முடிவுகள் பெரும்பாலும் செம்மையானவை. ஆயினும் அவை முடிவுகள் என்பதை மறந்துவிடலாகாது.

இதனை விளக்குதற்குப் பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைகளையே யாம் களமாகக் கொள்கிறோம். அவ்வாறு கடலொடு கலக்குமிடத்துள்ள புன்னைக்காயல் முதல் அச்சு நூல்களோடு தொடர்புடையது. ஆற்றின் இடைப்பகுதியில் எதிரெதிராக அமைந்த பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அச்சுத்தொழிலிலும் நூல் வெளியீட்டிலும் சிறந்து நின்றவை. ஆகலின், தமிழ் அச்செழுத்தின் நானூற்றாண்டு வரலாற்றை இவ்வொரு நிலப்பகுதியை அடியாக வைத்து நோக்குதல் கூடும்.

2. ஏட்டெழுத்தின் இயல்பு

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் கூறும் விதிகள். எனினும், பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். கூரிய முனையால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். கல்வெட்டிலும் புள்ளி ஒரு காலத்தில் காணப்பட்டும் பல காலங்களில் விடப்பட்டும் வந்துள்ளமையால், ஓலையின் மென்மை ஒன்றே காரணமென்று சொல்லிவிட இயலாது. பொருள் நோக்கிப் படிக்க வல்லார்க்குப் புள்ளி வேண்டப்படாமையும் ஒரு காரணமாதல் வேண்டும்.

புள்ளி நீங்கவே மூவகை ஐயங்கள் பிறந்தன. முதலாவது, மெய்யும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒரு வடிவாயின. ‘கலவி’ என்று ஏட்டில் எழுதப்பட்டது, கல்வி என்றும் கலவி என்றும் படிக்கப்படலாம். இரண்டாவது, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. ‘செறு’ என்பது வயலைக் குறிக்கும் செறுவோ, அவ்வயலில் உள்ள சேறோ என்பதை இடம்நோக்கியே அறிதல் வேண்டும். எரியும் ஏரியும் அங்ஙனமே. மூன்றாவது, ரகரமும் ஆகாரத்தைக் காட்டும் துணைக்காலும் ஒத்த வடிவின. ‘பரடு’ என்பதற்கும் ‘பாடு’ என்பதற்கும் ஏட்டில் வேற்றுமை இல்லை.

இவையன்றிச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடும் வழக்கமும் ஏட்டில் இல்லை. செய்யுளின் அடிகள் தனித்தனி வரிகளாக எழுதப்படுவதில்லை. ஓலையின் நீளமே வரியின் நீளத்தை வரையறுத்தது. ஆகவே ஏட்டைப் படித்தல் என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. யாப்பும் இலக்கணமும் பொருளும் ஒருங்கே அறிந்த புலமையின் தொழிலாகும். ஆசிரியரிடம் பாடங்கேட்டவனே ஏட்டைத் தடையின்றிப் படிக்க வல்லவன். ஏடு நினைவுக்குத் துணை நின்றது. நினைவின் இடத்தைத் தான் பற்றிக்கொள்ளவில்லை.

3. புன்னைக்காயலும் முதல் அச்செழுத்தும்

தமிழெழுத்தில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் முற்பட்டது, 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம். பதினாறு பக்கங்களைக் கொண்ட இச்சிறு நூலைத் தமிழிற் பெயர்த்தவர், முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து 1600இல் மறைந்த அண்டிரிக்கு அடிகளார். அவர் பணியின் நடுவிடமாக விளங்கியது பொருநை முகத்துப் புன்னைக்காயல். அத்துறைப் பரதவர்களுக்கென எழுதப்பட்ட இந்நூலின் அச்சுப் பணிக்கு அவர்களே பொருளுதவியும் செய்தனர்.

இந்நூலில் எம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டப்படுவது அதன் கடைசிப் பக்கம். அதில் இருவகை எழுத்துகள் காட்டப்பட்டுள்ளன. ஒன்று 1577இல் கோவாவில் வார்க்கப்பட்டது. மற்றொன்று 1578இல் கொல்லத்தில் செய்யப்பட்டது. கோவாவில் எழுத்துகளைச் செய்தவர் சுவான் கொன்சால்வசு. அவை வடிவிற் செம்மையாக அமையாமையால், கொல்லத்தில் சுவான் தெ பரியா என்பவர் புதிதாக வெட்டி வார்த்தார். முதல் முயற்சியையும் திருந்திய முயற்சியையும் அருகருகே வைத்துக் காட்டும் இப்பக்கம், தமிழ் அச்செழுத்து தோன்றிய அன்றே திருத்தத்திற்கு உட்பட்டது என்பதற்குச் சான்றாகும். எழுத்து அழகாகவும் படித்தற்கு எளிதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, நூலின் பொருளுக்கு இணையாக அன்றே மதிக்கப்பட்டது.

ஆயினும் இவ்வெழுத்துகள் ஏட்டெழுத்தின் நிழல்களே. நூலின் பெயரே ‘தமபிரான வணககம’ எனப் புள்ளியின்றி அச்சிடப்பட்டுள்ளது. ஈயத்தில் புள்ளி வைத்தால் எதுவும் துளைபடாது. எனினும் புள்ளி வைக்கப்படவில்லை. இதனால் அறியப்படுவது யாது? எழுத்து வெட்டியவர், தம் முன் இருந்த தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து அவ்வாறே வெட்டினார். புதிய கருவி வந்தவுடனே புதிய வடிவு வந்துவிடவில்லை. பழைய கருவியின் குறைகளையும் புதிய கருவி சிறிது காலம் சுமந்து சென்றது.

இதே அடிகளாரின் பெருநூலான அடியார் வரலாறு 1586இல் முத்துக்குளித்துறையில் அச்சாயிற்று. அச்சான இடம் புன்னைக்காயலே என்பது பலர் கருத்து. அங்ஙனமாயின், பொருநைக் கரையில் தமிழ் அச்சுத்தொழில் 16ஆம் நூற்றாண்டிலேயே நடந்ததாகும். ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பாசிரியராக இருந்து, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாகத் தம்பிரான் வணக்கத்தை 1963இலும், அடியார் வரலாற்றை 1967இலும் மீண்டும் வெளிக்கொணர்ந்தமையால், இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் மூலங்கள் நம் கைக்கு எட்டின.

4. குறிலும் நெடிலும் பிரிந்தமை

எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தியவராகப் பொதுவாகக் குறிக்கப்பெறுபவர் வீரமாமுனிவர். அவர் 1710இல் இந்தியா வந்து, தம் தொடக்கக் காலப் பணியைக் காமநாயக்கன்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த திருநெல்வேலிச் சீமைப் பகுதிகளிலும் செய்தார். பழைய விதி குறிலுக்குப் புள்ளி இட்டு நெடிலை வாளா விட்டது. முனிவரின் முறையோ குறிலை வாளா விட்டு நெடிலுக்குக் குறி தந்தது. ஒற்றைக் கொம்பு எகரத்தைக் காட்ட, மேலே சுழித்த இரட்டைக் கொம்பு ஏகாரத்தைக் காட்டியது. அவ்வாறே ஏகாரவுயிர் கீழ் இழுப்பும், ஓகாரவுயிர் சுழியும் பெற்றன.

இம்மாற்றத்தின் சிறப்பு அச்சொடு பொருத்திப் பார்க்கும்போதே விளங்கும். புள்ளி என்பது எழுத்தின் தலையில் தனித்து நிற்கும் நுண்ணிய குறி. ஓலையில் எளிதிற் கைவிடப்பட்டது. தேய்ந்த அச்சிலும் எளிதில் மறையக்கூடியது. சுழியோ எழுத்தின் உடலோடு ஒட்டிய கோடு. அதனை எழுதுவோர் விட்டுவிடுதல் அரிது. வேறுபாட்டைப் புள்ளியினின்று கோட்டிற்கு மாற்றியமையே இச்சீர்திருத்தம் நிலைத்தமைக்குக் காரணம் என யாம் கருதுகிறோம். முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1730களின் இறுதியில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. கத்தோலிக்க முனிவரின் நூல் லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் வெளிவந்தது நோக்கத்தக்கது. சமயத்தால் மாறுபட்டு நின்றோரும் எழுத்தின் தேவையால் ஓரிடத்திற் கூடினர்.

எனினும், சீர்திருத்தம் ஒரே நாளில் நாடெங்கும் பரவிவிடவில்லை. ஏடெழுதுவோர் பழைய வழியிலேயே நெடுங்காலம் எழுதினர். புதிய குறிகள் பொதுவுடைமை ஆனது, அச்சுநூல் பள்ளிக்கூடத்திற்குள் புகுந்த பின்னரே. அந்நிகழ்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பாளையங்கோட்டையை எடுத்துக்கொள்வோம்.

5. பாளையங்கோட்டையில் அச்சு

இரேனியசு ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838இல் அவ்வூரிலேயே மறைந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகளை நிறுவியதோடு, விவிலிய மொழிபெயர்ப்பும் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவருடைய பூமிசாஸ்திரம் 1832இல் வெளிவந்தது. அவர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்தையொட்டியே, தெற்கே நாகர்கோவிலில் மீட் ஐயரால் அச்சகம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர்ப் பாளையங்கோட்டையிலேயே திருச்சபைச் சங்கத்தாரின் அச்சகம் நடைபெற்றது. 1849இல் நற்போதகம் என்னும் திங்களிதழும் அவ்வூரிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

இப்பணிகளின் சமய நோக்கம் ஈண்டு எம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. அவை எத்தகைய படிப்போரை நோக்கின என்பதே உரியது. ஏட்டைப் படித்தவர் ஆசிரியரிடம் பாடங்கேட்ட புலவர். நிலநூலையும் திங்களிதழையும் படித்தவர், பள்ளியில் சில ஆண்டுகளே பயின்ற சிறுவரும் சிறுமியரும் ஊரவரும் ஆவர். இன்னோர் கையில் உள்ள நூல், படிப்பவரின் முன்னறிவை நம்பி நிற்க இயலாது. நூலில் வரும் ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் அவர்கள் முன்பு கேட்டறியாதவை. இடம்நோக்கிக் குறில் நெடிலை உய்த்துணர்தல் அவற்றில் செல்லாது. ஆகவே புள்ளியும் கொம்பும் சொல்லிடை வெளியும் அழகிற்கு வந்தவையல்ல; தனித்திருந்து படிக்கும் புதிய படிப்பாளி ஒருவன் தோன்றியமையால் இன்றியமையாதன ஆயின.

திங்களிதழுக்கு மற்றொரு தேவையும் உண்டு. நூலுக்கு ஓர் அளவு எழுத்தே போதும். இதழில் தலைப்பு, உட்தலைப்பு, கட்டுரை, சிறு செய்தி என்பவை ஒன்றினின்று ஒன்று வேறுபட்டுத் தோன்றுதல் வேண்டும். இதற்குப் பலவேறு அளவுள்ள எழுத்துகள் வேண்டப்பட்டன. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பாரின் மேற்பார்வையில் சிறியனவும் தெளிவுடையனவுமான எழுத்துகள் வார்க்கப்பட்டமை இக்காலத்து நிகழ்ச்சியே. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் வேலைத்திறனைக் காட்டுவது. எழுத்துச் சிறுத்தமையால் தாள் குறைந்தது. தாள் குறைந்தமையால் விலை குறைந்தது. விலை குறைந்தமையால் நூல் பரவியது.

புலவர் மரபும் இப்புதிய கருவியினின்று ஒதுங்கி நிற்கவில்லை. 1812இல் சென்னையில் அச்சான திருக்குறள், நாலடியார் மூலப் பதிப்பில் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயரின் பங்கு உண்டு. அச்சகம் நடத்துதற்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கின. 1849இல் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர், நிறுத்தக்குறிகளைத் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் ஒழுங்குபெற ஆண்டார். பள்ளிநூலின் தேவையால் வளர்ந்த அச்செழுத்து, இவ்வாறு பழைய நூற்பதிப்புக்கும் உரியதாயிற்று. இதுகாறும் பொருளறிந்து படிப்பார்க்கென எழுதப்பட்ட பாடத்தை, பொருளறியப் படிப்பார்க்கென மாற்றி எழுதும் பொறுப்பு அப்போது பதிப்பாசிரியர் மேல் விழுந்தது.

6. அச்சுப்பெட்டியின் கணக்கு

தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துகளை உடையது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அச்சுக்கோப்பவரின் கணக்கு வேறு. அவருடைய பெட்டியில் எத்தனை வகை எழுத்துகள் இருந்தால் 247ஐயும் கோக்கலாம்? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18 ஆக 49. இகர ஈகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டியிருத்தலால் 36. உகர ஊகார வரிசைகளில் வடிவே மாறுதலால் 36. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்னும் நான்கும் சேர 125 ஆகும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு ளகரமே போதும்.

இந்த 125உடன் பழைய அச்சில் மேலும் ஏழு சேர்ந்திருந்தன. ணா, றா, னா என்னும் மூன்றும் துணைக்கால் பெறாது சுழிந்த தனி வடிவுடையன. ணை, லை, ளை, னை என்னும் நான்கும் இணைக்கொம்பு பெறாது, யானைத் துதிக்கை போன்ற வளைவுடையன. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கியதும், தமிழ்நாட்டரசு 1978 அக்டோபர் 19ஆம் நாள் ஆணையால் ஏற்றதும் ஆகிய சீர்திருத்தம் இவற்றைப் பற்றியதே. சீர்திருத்தம் பெற்ற எழுத்துகள் பதின்மூன்று என்பர். ஒகர ஓகார வரிசையில் ணகர றகர னகரங்கள் பெறும் ஆறு வடிவுகளும், கொம்பின் பின் ணா, றா, னா என்னும் அச்சுகளையே வைத்துக் கோக்கப்பட்டவை. ஆதலின், நெடுங்கணக்கில் பதின்மூன்றாக எண்ணப்படுவது அச்சுப்பெட்டியில் ஏழு அறைகளே. நெடுங்கணக்கு ஒலியை எண்ணுகிறது. பெட்டி வடிவை எண்ணுகிறது. எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய வாதங்களில் இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று மயங்குதல் உண்டு.

ஒலிமுறையும் வடிவுமுறையும் வேறு என்பதற்குக் கொம்பு சிறந்த சான்று. ‘கெ’ என்பதில் ககர ஒலி முந்தியது, எகர ஒலி பிந்தியது. கோப்பவரோ கொம்பை முன்னர் எடுத்து, ககரத்தைப் பின்னர் எடுப்பார். பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி நிறுவினார் என்பது ஈண்டு நினைவிற்கு வருகிறது. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில், மெய்க்குரிய புள்ளித்தொகுதி முன்னும் உயிர்க்குரியது பின்னுமாக ஒலிமுறையிலேயே நிற்கின்றன. கண்ணுக்குரிய எழுத்து மரபின் வடிவைப் பேண, விரலுக்குரிய எழுத்து ஒலியின் வரிசையைப் பேணியது. கணினிக்கென 1991 முதல் வெளிவந்த யூனிகோடு முறையிலும், திரையில் கொம்பு முன்னே தோன்றினும் உள்ளே மெய்யின் பின்னரே வைக்கப்படுகின்றது.

7. பக்கத்தின் அமைப்பும் பாடமும்

எழுத்து முடிவான பின்னர்ப் பக்கம் வடிவு பெற்றது. இதிலும் திருநெல்வேலிச் சீமையின் பங்கு பெரிது. அச்சீமையிற் பிறந்த ச. வையாபுரிப் பிள்ளை 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தார். 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக அது நிறைவுற்றது. தமிழில் தலைச்சொல், உரோம எழுத்தில் அதன் ஒலிபெயர்ப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் என்பன எழுத்து வேறுபாட்டாலேயே கண்ணுக்குப் பிரிந்து தோன்றுகின்றன. ‘இது மேற்கோள், இது பொருள்’ என்று சொல்லால் உரைக்க வேண்டுவதை எழுத்தின் வகையே உரைத்துவிடுகின்றது. எழுத்தின் தேர்வு பொருளின் பாகுபாடாக நிற்றலுக்கு இதனினும் தெளிந்த சான்று தமிழில் அரிது.

1920இல் திருநெல்வேலியில் வ. திருவரங்கம் பிள்ளையும் வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று நிறுவிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் மற்றொரு நிலையைக் குறிக்கும். 1923 முதல் செந்தமிழ்ச் செல்வி இதழையும், தொடர்ந்து சங்க நூல்களையும் சமய நூல்களையும் அது வெளியிட்டது. புலவர் கையில் மட்டும் இருந்த நூல்கள், மாணவர் விலை கொடுத்து வாங்கிப் படிக்கும் நூல்களாயின. இதனை அடுத்து, 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள், சந்தி பிரித்துச் சொற்களைத் தனித்தனியே நிறுத்தும் முறையை உறுதியாக மேற்கொண்டன.

சொற்பிரிப்பு படிப்போர்க்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் ஓர் உரையே. இரண்டு வகையாகப் பிரித்தற்கு இடமுள்ள தொடரை ஒரு வகையாகப் பிரித்து அச்சிட்டவுடன், மற்றொரு பொருள் பக்கத்தினின்று மறைந்துவிடுகின்றது. உரையாசிரியர் தம் கருத்தை உரையில் கூறினார். மாணவன் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். அச்சிடை வெளியோ வாய்திறவாது முடிவு கூறுகின்றது. அது முடிவு என்பதே தோன்றாமையால் அதனை மறுப்பாரும் இலர். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரும், ஏட்டில் இல்லாத புள்ளியைத் தாம் இட்டமையைக் குறித்தல் பெரும்பான்மையும் இல்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றான், தமிழ் அச்செழுத்து மூன்று நிலைகளைக் கடந்து வந்தமை அறியப்படும். புன்னைக்காயலோடு தொடர்புடைய முதல் நூல்களில் அது ஏட்டைப் பின்பற்றியது. பாளையங்கோட்டை போன்ற ஊர்களின் பள்ளிநூல்களிலும் திங்களிதழ்களிலும் தனித்துப் படிப்பவனுக்குத் துணைநின்றது. பழைய இலக்கியப் பதிப்புகளில் பாடத்தையே அறுதியிட்டது. முதல் நிலையின் எளிமையும் இரண்டாம் நிலையின் பயனும் மூன்றாம் நிலையின் பொறுப்பும் ஒன்றோடொன்று தொடர்ந்தவை.

ஆராய்ச்சி மாணவர்க்கு இதனாற் பெறப்படுவன இரண்டு. ஒரு பாடத்தில் பொருள் முட்டுப்படும் இடத்து, சொல்லை மாற்றித் திருத்தப் புகுமுன், புள்ளியையும் நெடிற்குறியையும் காலையும் சொல்லிடை வெளியையும் நீக்கி, ஏட்டில் அத்தொடர் எங்ஙனம் நின்றிருக்கும் என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். பல முட்டுகள் அந்நிலையிலேயே அவிழும். இனி, முதற்பதிப்புகளை ஒப்புநோக்குங்கால் அவற்றின் எழுத்து வடிவையும் வரியமைப்பையும் குறித்துவைத்தல் வேண்டும். மறுபதிப்புகளிலும் கணினிப் பதிப்புகளிலும் அச்சான்றுகள் புதிய வடிவிற்கு மாற்றப்பட்டு மறைந்துபோகின்றன.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் தொழில் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. பழைய எழுத்துகள் உலோகத்தின் விலைக்கு உருக்கப்படுகின்றன. சுவடிகளைத் தேடித் தொகுத்த முன்னோர், அவை செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்தமை கண்டு வருந்தினர். அச்சுப்பெட்டிகளும் எழுத்து மாதிரிப் புத்தகங்களும் அந்நிலையை அடையுமுன், பொருநைக் கரைப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் அவற்றைத் திரட்டிக் காத்தல் கடன். ஏட்டைக் காத்தோர் நூலைக் காத்தனர். அச்செழுத்தைக் காப்போர், அந்நூல் எவ்வாறு நம் கண்ணுக்குப் புலனாயிற்று என்னும் வரலாற்றைக் காப்பர்.